வீட்டு முற்றம்: மக்னோலியாக் கொப்பில் ஒட்டியிருக்கும் செதிற்பூச்சி



இம்முறை ஸ்காபரோவில் இருந்து ஒரு சகோதரி எழுதிய கடிதத்துக்கே இந்தப் பக்கம் முழுவதையும் ஒதுக்குகிறேன். அவர் கேட்டது ஒரு வீட்டுப் பிரச்சினை போலத் தோன்றினாலும், இந்த ஊரில் வாடகைக்கு இருக்கும் பலருக்கும் இது வரக்கூடியது. கடிதத்தின் முக்கிய பகுதி இது:

"நாங்கள் இங்கே வந்து பத்து மாதம். ஒரு வீட்டின் மேல்தளத்தை வாடகைக்கு எடுத்து இருக்கிறோம். வாசலில் ஒரு மக்னோலியா மரம் நிற்கிறது. மே மாதம் பூத்தபோது பிள்ளைகள் அதன்கீழ் நின்று படம் எடுத்து ஊருக்கு அனுப்பினார்கள். இப்போது கொப்பெல்லாம் கறுத்து, இலையெல்லாம் பிசுபிசுத்து, குளவி மொய்க்கிறது. கீழே நிற்கும் காரின் கண்ணாடியைத் துடைத்து முடியவில்லை. வீட்டுக்காரர் வந்து பார்த்துவிட்டு, நீங்கள் ஏதோ ஊற்றித்தான் மரம் பழுதாகிவிட்டது, தறிக்கப் போகிறேன், செலவில் பாதி நீங்கள் தரவேண்டும் என்கிறார். இவர் பலமான மருந்து ஒன்று வாங்கி அடிப்போம் என்று நிற்கிறார். வீட்டில் இரண்டு வயதுப் பிள்ளை இருக்கிறது. என்ன செய்வது அண்ணா?"

சகோதரி, முதலில் மூன்று விடயம் சொல்லிவிடுகிறேன். இதற்காக மரத்தைத் தறிக்கவேண்டிய தேவை பெரும்பாலும் வராது. தண்ணீரோ சவர்க்கார நுரையோ அடியில் ஊற்றுவதால் இந்த நோய் வருவதில்லை. மூன்றாவது, உங்கள் கணவரை இப்போதைக்கு ஒரு மருந்தும் வாங்க வேண்டாம் என்று சொல்லுங்கள். கடிதத்தில் உள்ள அடையாளங்களைப் பார்த்தால் இது மக்னோலியாச் செதிற்பூச்சி. இந்தப் பூச்சியோடு சண்டை பிடிப்பதற்கு மருந்தின் பலம் அவ்வளவு முக்கியமில்லை. எந்த மாதத்தில் எதைச் செய்வது என்பதுதான் முக்கியம்.

நான் பூச்சிகளைப் பற்றிப் பட்டம் பெற்றவன் அல்லன். ஊரில் சாதாரண தரத்தோடு என் படிப்பு நின்றுவிட்டது. கிழமை நாளில் பிளாஸ்ரிக் வார்க்கும் தொழிற்சாலையில் நிற்பவன். சனி, ஞாயிறுகளில் தோட்ட வேலைக்குப் போய்க் கையால் பழகியதையும், தேடி வாசித்ததையும்தான் இந்தப் பக்கத்தில் எழுதி வருகிறேன்.

இது பூச்சியா, பட்டையின் பருக்களா?

நாளைக் காலையில் மரத்துக்குக் கிட்டப் போய், பென்சில் மொத்தமுள்ள இளங்கொப்பு ஒன்றைத் திருப்பி அதன் அடிப்பக்கத்தைப் பாருங்கள். வரிசையாகப் பருக்கள் போல ஒட்டியிருக்கும். பெரியவை 12 மில்லிமீற்றர் வரை இருக்கும். மண்ணிறமாகப் பளபளக்கும், அல்லது மாப் பூசியதுபோல வெள்ளையாக இருக்கும். நகத்தால் நெம்பிப் பாருங்கள். பட்டையின் பரு என்றால் வராது. இது கழன்று வரும்; நசித்தால் ஈரமாக இருக்கும். அதுதான் பூச்சி. காலும் சிறகும் அசைவும் இல்லாதபடியால் பலர் இதனைப் பூச்சி என்றே நினைப்பதில்லை. மரத்தில் ஏதோ சொறி பிடித்துவிட்டது என்று விட்டுவிடுவார்கள்.

ஊரில் மிளகாய்க் கன்றில் அழுக்கணவன் பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். இதுவும் அந்த இனத்துக்கு உறவுக்காரன்தான். ஊசி போன்ற வாயை மரத்துக்குள் இறக்கிச் சாற்றை உறிஞ்சும். வித்தியாசம் என்னவென்றால், இது ஓரிடத்தில் ஒட்டி, மேலே மெழுகாலோ ஓட்டாலோ தன்னை மூடிக்கொள்ளும். தபாற்கந்தோரில் பொதிக்கு முத்திரை குத்துகிற அரக்கு உங்களுக்குத் தெரியும். அந்த அரக்கும் செதிற்பூச்சி இனத்தைச் சேர்ந்த ஒரு பூச்சி, இந்தியாவில் மரக்கொப்புகளில் தன்னை மூடுவதற்குச் சுரக்கும் பிசினில் இருந்து வருவதுதான். அப்படி ஒரு மூடிக்குக் கீழே இருப்பவனை மேலே மருந்தடித்துப் பிடிப்பது கடினம் என்பது இதிலிருந்தே விளங்கும்.

பிசுபிசுப்பும் கறுப்பும் எங்கிருந்து வருகின்றன?

பூச்சி உறிஞ்சும் சாற்றில் சீனி அதிகம். தனக்குத் தேவையானதை எடுத்துக்கொண்டு மீதியைத் துளிதுளியாக வெளியே விடும். அதுதான் இலையிலும் காரிலும் படியும் பிசுபிசுப்பு. அந்த இனிப்புக்குத்தான் குளவியும் எறும்பும் இலையானும் வருகின்றன. அதன்மேல் கரி போன்ற ஒரு பூஞ்சணம் வளரும். கொப்பு கறுத்திருப்பது அதனால்தான். அந்தப் பூஞ்சணம் மரத்துக்குள் போவதில்லை. ஈரத்துணியால் துடைத்தால் இலையில் இருந்து கழன்றுவிடும். ஆனால் இலையை மூடி வெயிலை மறைப்பதால் மரம் இளைக்கும். ஆகவே கறுப்பைப் பார்த்துப் பூஞ்சண மருந்து வாங்க வேண்டாம். பூச்சி போனால் கறுப்பும் போகும்.

எறும்பு வெறும் விருந்தாளி அல்ல. இனிப்புக்காக அது பூச்சிக்குக் காவல் நிற்கும். பூச்சியைத் தின்ன வரும் மற்றப் பூச்சிகளை விரட்டிவிடும். மரத்தண்டில் எறும்பு நிரையாக ஏறினால், தண்டைச் சுற்றி ஒரு துணியோ காகிதமோ கட்டி, அதன்மேல் மரங்களுக்கென்று விற்கும் ஒட்டும் பசையைப் பூசுங்கள். பசையை நேரே பட்டையில் பூசக்கூடாது. மரக்கொப்பு சுவரிலோ வேலியிலோ முட்டிக்கொண்டிருந்தால் எறும்பு அந்த வழியால் ஏறும், அதையும் பாருங்கள்.

பூச்சியின் ஒரு வருடம்

மக்னோலியாச் செதிற்பூச்சிக்கு வருடத்தில் ஒரே ஒரு தலைமுறைதான். அதன் நாட்காட்டியை அறிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

ஓகஸ்ட் கடைசியில் இருந்து செப்டெம்பர் முழுவதும் தாய்ப்பூச்சிகள் குஞ்சுகளை விடும். குஞ்சு கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது. தூசி போல இருக்கும். அதற்குக் கால் உண்டு. தாயின் கீழிருந்து வெளியே வந்து, கொப்பில் ஊர்ந்து, ஒன்றிரண்டு வருடத்து இளங்கொப்பாகப் பார்த்து அடிப்பக்கத்தில் வாயை இறக்கிக்கொள்ளும். தாய் செத்துக் காய்ந்து விழுந்துவிடும். குஞ்சு அப்படியே பனிக்காலம் முழுவதையும் கடுஞ்சாம்பல் நிறச் சிறு புள்ளியாகக் கொப்பில் ஒட்டியபடி கழிக்கும். வசந்தத்தில் மரத்தில் சாறு ஏறத் தொடங்க இதுவும் குடிக்கத் தொடங்கும். மே, யூன் மாதங்களில் தோல் கழற்றிப் பருக்கும். யூன், யூலையில் வெள்ளை மெழுகு பூசிக்கொண்டு பெரிதாகும். அப்போதுதான் பிசுபிசுப்பு மழைபோல் கொட்டும். அப்போதுதான் நாங்களும் கண்டுபிடிக்கிறோம்.

எங்கள் தொழிற்சாலையில் அச்சு மூடியிருக்கும்போது எவ்வளவு அடித்தாலும் உள்ளே இருப்பதை எடுக்க முடியாது. அது திறக்கும் சில விநாடியில் கையை நீட்டினால் பொருள் தானே வரும். இந்தப் பூச்சிக்கும் அப்படி இரண்டு நேரங்கள் உண்டு. ஒன்று, செப்டெம்பரில் குஞ்சு மூடியில்லாமல் ஊரும் நாட்கள். மற்றது, இலை இல்லாத காலம். அப்போது குஞ்சு சின்னதாக, மெல்லிய மூடியோடு, மறைக்க ஓர் இலைகூட இல்லாமல் கொப்பில் இருக்கும். யூலையில் கதவைத் தட்டி, உங்கள் மரத்துக்கு மருந்தடித்துத் தருகிறேன், காசாகத் தாருங்கள் என்று வருபவர்கள் இருக்கிறார்கள். முழுதாகப் பருத்து மெழுகு பூசிய பூச்சிக்கு அந்த மாதத்தில் அடிப்பது பெரும்பாலும் வீண் செலவு. கதவை மரியாதையாகச் சாத்திவிடுங்கள்.

இப்போது கையால் செய்யக்கூடியது

இந்த இதழ் உங்கள் கைக்கு வரும்போது ஓகஸ்ட் தொடங்கியிருக்கும். தாய்ப்பூச்சி பெரிதாகக் கண்ணுக்குத் தெரிகிறது. குஞ்சு இன்னும் வெளியே வரவில்லை. இதைவிட நல்ல நேரம் கையால் வேலை செய்வதற்குக் கிடையாது. ஒரு தாய் போனால் அதன் குஞ்சுகள் அத்தனையும் போகும்.

வேண்டியவை: ஒரு வாளி தண்ணீர், கொஞ்சம் பாத்திரம் கழுவும் சவர்க்காரம், மென்மையான பிறஷ் அல்லது பழைய துணி, கையுறை, ஒரு பழைய படுக்கை விரிப்பு. விரிப்பை மரத்தின்கீழ் விரியுங்கள். கொப்பை ஒரு கையால் தாங்கிக்கொண்டு, மற்றக் கையால் அடிப்பக்கத்தைத் தேய்த்துப் பூச்சியைச் சவர்க்காரத் தண்ணீர் வாளிக்குள் விழுத்துங்கள். இளங்கொப்பின் பட்டை மெல்லியது. சட்டி தேய்க்கிற இரும்புக் கம்பியால் உரஞ்சக் கூடாது. விரிப்பில் விழுந்தவற்றையும் கூட்டி வாளிக்குள் போடுங்கள். வயிற்றில் குஞ்சோடு நிலத்தில் கிடந்தால் குஞ்சு திரும்ப ஏறக்கூடும். முடிந்தபின் குழாய்த் தண்ணீரால் இலைகளைக் கழுவிவிடுங்கள்.

விடிய ஆறு, ஏழு மணிக்கு இதனைச் செய்வது நல்லது. குளிரில் குளவிகள் மந்தமாக இருக்கும். குளவி கொட்டினால் ஒத்துக்கொள்ளாதவர்கள் வீட்டில் இருந்தால் அவர்கள் மரத்தடிக்கு வரவேண்டாம். ஏணி வைத்து ஏறவேண்டிய உயரத்துக்கு நீங்கள் போகவேண்டாம். கைக்கெட்டிய கொப்பில் இருப்பதைக் குறைத்தாலே மரத்துக்குப் பெரிய ஆறுதல்.

பூச்சி நெருக்கமாக மூடிய சிறு கொப்புகள் சில இருக்கும். அவற்றை வெட்டிப் பையில் கட்டி அப்புறப்படுத்தலாம். ஆனால் அளவோடு வெட்டுங்கள். மக்னோலியா மரத்தில் தடித்த கொப்பை வெட்டினால் காயம் இலகுவில் ஆறாது. அத்தோடு வருகிற வசந்தத்தின் பூ மொட்டுகள் இந்தக் கோடையிலேயே கொப்பு நுனியில் உருவாகிவிடும். வெட்டுகிற ஒவ்வொரு நுனியும் வருகிற வருடத்தில் ஒரு பூ குறைவு.

செப்டெம்பரில் சவர்க்காரம்

குஞ்சு வெளியே வந்துவிட்டதா என்று அறிய ஒரு சுலபமான வழி உண்டு. இரு பக்கமும் ஒட்டும் ரேப்பை, தாய்ப்பூச்சி உள்ள கொப்பில் நாலைந்து இடங்களில் சுற்றிவிடுங்கள். ஓகஸ்ட் நடுப்பகுதியில் இருந்து இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். ஊரும் குஞ்சுகள் அதில் தூசிப்புள்ளி போல ஒட்டிக்கொள்ளும். பிள்ளைகள் விளையாடுகிற பூதக்கண்ணாடி இருந்தால் கால் கூடத் தெரியும். அந்த நாள்தான் தொடங்குகிற நாள்.

அப்போது பூச்சிக்கென்று விற்கும் சவர்க்காரக் கரைசலை, போத்தலில் சொன்ன அளவில், கொப்பின் அடிப்பக்கம் நன்றாக நனையும்படி விசிறுங்கள். சமையலறைச் சவர்க்காரத்தை இதற்குப் பாவிக்க வேண்டாம். வாளிக்குள் பூச்சியை மூழ்கடிக்க அது போதும். இலையில் விசிறினால் இலை கருகக்கூடும். பூச்சிச் சவர்க்காரம் நேரே பட்ட குஞ்சைத்தான் கொல்லும். காய்ந்தபின் அதற்குப் பலன் இல்லை. எல்லாக் குஞ்சும் ஒரே நாளில் வருவதும் இல்லை. ஆகவே போத்தலில் சொல்லப்பட்ட இடைவெளி விட்டுத் திரும்ப விசிறவேண்டும். உச்சி வெயிலிலும், மரம் தண்ணீருக்கு வாடியிருக்கும்போதும் விசிற வேண்டாம்.

இலை விழுந்தபின் எண்ணெய்

தோட்டப் பொருட்கள் விற்கும் கடைகளில் மரங்களுக்கென்று ஒரு எண்ணெய் உண்டு. தண்ணீரில் கலக்க அது பால் போல வெளுக்கும். அது நஞ்சூட்டிக் கொல்வதில்லை. பூச்சி மூச்சு விடும் துவாரங்களை அடைத்துவிடும். அதனால் எண்ணெய் படாத பூச்சி தப்பிவிடும். கொப்பின் எல்லாப் பக்கமும், முக்கியமாக அடிப்பக்கமும் கணுக்களும் நனையவேண்டும்.

இதற்கு இரண்டு சந்தர்ப்பங்கள் உண்டு. இலை முழுவதும் கொட்டியபின் நவம்பரில் ஒருமுறை. மார்ச் கடைசி, ஏப்ரல் முற்பகுதியில் மொட்டு வீங்க முன்னர் ஒருமுறை. காற்றில்லாத, மழையில்லாத நாளாக எடுங்கள். விசிறும்போது வெப்பம் சுமார் 5 பாகைக்கு மேல் இருக்கவேண்டும். அடுத்த ஒரு நாளுக்குள் உறைபனி வரக்கூடாது. ரொறன்ரோவில் மார்ச் மாதத்தில் அப்படி ஒரு நாள் கிடைப்பது லொத்தர் விழுவது மாதிரித்தான். ஆனாலும் காலநிலை அறிவிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தால் ஒரு சனிக்கிழமையாவது கிடைக்கும்.

வீட்டில் இருக்கிறதே என்று தேங்காயெண்ணெயோ பொரித்து மீந்த எண்ணெயோ கலக்க வேண்டாம். எந்த மரத்துக்கும் இதே எண்ணெயை அடிக்கலாம் என்றும் நினைக்க வேண்டாம். நீலச் சாயலோடு நிற்கும் ஸ்ப்றூஸ் மரத்துக்கு அடித்தால் அந்த நீலப் பொடி கழன்று சாதாரண பச்சையாகிவிடும். சில மேப்பிள் வகைகளுக்கும் எண்ணெய் ஒத்துக்கொள்ளாது. போத்தலில் எந்த மரத்துக்குக் கூடாது என்று எழுதியிருக்கும். ஆங்கிலம் விளங்காவிட்டால் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையைக் கொண்டு வாசித்துக் கேளுங்கள். மருந்து விடயத்தில் கூச்சம் வேண்டாம்.

பலமான மருந்து ஏன் வேண்டாம்?

முதலாவது காரணம் சட்டம். ஒன்ராறியோ மாகாணத்தில் 2009 ஏப்ரல் 22 முதல், புல்தரைக்கும் அழகுத் தோட்டத்துக்கும் அடித்துவந்த பல இரசாயன மருந்துகள் தடைசெய்யப்பட்டுவிட்டன. மேலே சொன்ன சவர்க்காரமும் தோட்ட எண்ணெயும் அனுமதிக்கப்பட்டவை. கனடாவில் விற்கும் பூச்சிமருந்து ஒவ்வொன்றின் போத்தலிலும் அரசாங்கப் பதிவு இலக்கம் இருக்கவேண்டும். அந்த இலக்கம் இல்லாத போத்தலை, யார் தந்தாலும், எந்த நாட்டில் இருந்து வந்தாலும் மரத்துக்கு விசிற வேண்டாம். வேப்பெண்ணெய்ப் போத்தலிலும் அந்த இலக்கத்தைத் தேடிப் பாருங்கள். ஊரில் தோட்டத்துக்கு மருந்தடித்த அனுபவம் எங்களில் பலருக்கு உண்டு. வெறுங்காலோடு, முகத்தை மூடாமல், மீந்ததைச் சோடாப் போத்தலில் விட்டு வைத்த பழக்கமும் உண்டு. இரண்டு வயதுப் பிள்ளை ஓடித் திரியும் முற்றத்தில் அந்தப் பழக்கம் உயிரோடு விளையாடுவது.

இரண்டாவது காரணம், பலமான நஞ்சு நமக்கு உதவி செய்பவர்களைத்தான் முதலில் கொல்லும். செதிற்பூச்சி மூடிக்குள் இருக்கிறது. அதைத் தின்னும் பொறிவண்டு வெளியே திரிகிறது. பொறிவண்டு செத்தால் அடுத்த வருடம் பூச்சி இரட்டிப்பாக வரும்.

இதற்கு ஒரு பழைய சம்பவம் உண்டு. அவுஸ்திரேலியாவில் இருந்து வந்த ஒருவகைச் செதிற்பூச்சி 1860களின் கடைசியில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் காணப்பட்டது. 1880களில் அங்குள்ள தோடந் தோட்டங்களை அழிக்கத் தொடங்கியது. என்ன அடித்தும் அடங்கவில்லை. 1888இல் அல்பேர்ட் கோபெலே என்பவரை அமெரிக்க அரசு அவுஸ்திரேலியாவுக்கு அனுப்பியது. அந்தப் பூச்சியை அதன் சொந்த நாட்டில் தின்று வாழும் ஒரு சின்னப் பொறிவண்டை அவர் அனுப்பி வைத்தார். ஓரிரு வருடத்துக்குள் தோட்டங்கள் தப்பிவிட்டன. பூச்சிக்குப் பூச்சியே மருந்து என்பதற்கு இன்றும் உலகம் முழுவதும் அந்தக் கதையைத்தான் சொல்கிறார்கள்.

உங்கள் மக்னோலியாவிலும் அப்படி ஒரு பொறிவண்டு வேலை செய்துகொண்டிருக்கலாம். அதன் புழுவின் உடம்பில் வெள்ளை மெழுகு பஞ்சுபோல ஒட்டியிருக்கும். பார்த்தால் அதுவும் பூச்சி என்றே நினைப்பீர்கள். தேய்க்கும்போது கவனியுங்கள்: வளர்ந்த செதிற்பூச்சி நடக்காது. வெள்ளையாகப் பஞ்சு போர்த்திக்கொண்டு நடந்து திரிவது ஏதும் கண்டால் அதனை விட்டுவிடுங்கள். அது உங்கள் ஆள்.

தண்ணீரும் பசளையும்

நோயாளிக்குக் கஞ்சி கொடுப்பதுபோல மரத்துக்கு நிறையப் பசளை போட்டால் தேறும் என்று நினைப்பது இயற்கை. ஆனால் நைதரசன் கூடிய பசளை போட்டால் சாறு செழிக்கும். அதைக் குடிக்கும் பூச்சியும் செழிக்கும். பசளையை இந்த வருடம் நிறுத்துங்கள். மழை இல்லாத கிழமைகளில் வேர்ப்பக்கம் ஆழமாக ஊறும்படி தண்ணீர் விடுங்கள். அடியில் மரத்தூள் சல்லி பரப்பலாம்; தண்டில் முட்டக் கூடாது.

வேறு மரங்கள் என்றால்

எல்லாச் செதிற்பூச்சிக்கும் ஒரே மாதம் அல்ல. உங்கள் வீட்டில் லைலக் நின்றால் அதன் அடித்தண்டைப் பாருங்கள். 2, 3 மில்லிமீற்றர் நீளத்தில், சின்னச் சிப்பி ஓடுகள் நெருக்கமாக ஒட்டியதுபோல சாம்பல் மண்ணிறத்தில் இருந்தால் அது சிப்பிச் செதிற்பூச்சி. அது பிசுபிசுப்பு விடாது; அதனால் தண்டு காயும்வரை யாரும் கவனிப்பதில்லை. பனிக்காலத்தில் ஓட்டுக்குக் கீழே முட்டையாக இருக்கும். மே கடைசி, யூன் தொடக்கத்தில்தான் குஞ்சு ஊரும். ஆகவே அதற்கு ரேப் சுற்றுவது மே நடுப்பகுதியில். நன்றாகப் பிடித்த பழைய தண்டுகளை அடியோடு வெட்டினாலும் லைலக் புதிதாகத் தளிர்க்கும். அந்த ஓடுகள் பூச்சி செத்தபின்னும் மரத்தில் ஒட்டியே இருக்கும். நகத்தால் நசித்துப் பாருங்கள். ஈரமாக நசிந்தால் உயிர் உண்டு. காய்ந்த பொடியாக உதிர்ந்தால் வேலை முடிந்துவிட்டது.

வீட்டுக்காரரோடு எப்படிப் பேசுவது?

சகோதரியின் கடிதத்தில் என்னைத் தைத்த இடம் இதுதான். புதிதாக வந்த குடும்பம், வீட்டுக்காரரோடு முகம் முறித்தால் வீடு போய்விடுமோ என்ற பயத்தில், செய்யாததற்கும் காசைக் கொடுத்துவிடும்.

ஒன்ராறியோ வாடகைச் சட்டத்தின்படி, குடியிருப்பவர் வேண்டுமென்றோ கவனயீனத்தாலோ செய்த சேதத்துக்குத்தான் அவர் பொறுப்பு. மரத்தில் தானாக வந்து ஒட்டிய பூச்சி அந்தக் கணக்கில் வராது. ஆனால் மரம் வீட்டுக்காரருடையது. அவருக்குச் சொல்லாமல் நீங்கள் மருந்தடித்து, கொப்பை வெட்டி, அதனால் மரம் பழுதானால் நிலைமை மாறிவிடும். இப்போது உங்கள் பக்கம் இருக்கும் நியாயத்தை அவசரப்பட்டு இழக்க வேண்டாம்.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். பூச்சி உள்ள கொப்பைக் கிட்டவாகப் படம் எடுங்கள். நகத்தால் கழற்றிய ஒன்றையும் வெள்ளைக் காகிதத்தில் வைத்துப் படம் எடுங்கள். திகதி போட்டு வீட்டுக்காரருக்கு எழுத்தில் அனுப்புங்கள். "இது மக்னோலியாச் செதிற்பூச்சி. நாங்கள் எதையும் ஊற்றவில்லை. கையால் தேய்த்துக் கழுவ உங்கள் சம்மதம் வேண்டும். நவம்பரிலும் ஏப்ரலிலும் எண்ணெய் அடித்தால் மரம் தப்பும். தயவுசெய்து அதுவரை தறிக்க வேண்டாம்." இவ்வளவு போதும். பதிலையும் எழுத்தில் கேளுங்கள். சம்மதம் வந்தபின் வாளியைத் தூக்குங்கள்.

அவர் தறிக்கத்தான் போகிறேன் என்றால், இன்னொன்றையும் பணிவாகச் சொல்லலாம். ரொறன்ரோ நகரில், நிலத்தில் இருந்து 1.4 மீற்றர் உயரத்தில் தண்டின் விட்டம் 30 சென்ரிமீற்றரோ அதற்கு மேலோ உள்ள மரத்தை, அது சொந்த வளவில் நின்றாலும், நகரசபையின் அனுமதியின்றித் தறிக்க முடியாது. தையல் அளவு நாடாவால் சுற்றிப் பார்த்தால் அது ஏறக்குறைய 94 சென்ரிமீற்றர் சுற்றளவு. மார்க்கம், மிசிசாகா போன்ற நகரங்களுக்குத் தனித்தனி விதிகள் உண்டு. இன்னொன்று, வாசலில் நிற்கும் எல்லா மரமும் வீட்டுக்காரருடையது அல்ல. நடைபாதை ஓரமாக நிற்பது நகரசபை மரமாக இருக்கக்கூடும். அப்படி என்றால் ரொறன்ரோவில் 311க்குத் தொலைபேசி எடுத்து அறிவியுங்கள். தமிழில் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கலாம். நகரசபை மரத்தில் நீங்களும் கைவைக்கக் கூடாது, வீட்டுக்காரரும் கைவைக்கக் கூடாது.

வெட்டி ஒட்டி வைக்க

ஓகஸ்ட்: சம்மதம் பெற்றுத் தேய்த்துக் கழுவுங்கள். நடுப்பகுதியில் ரேப் சுற்றுங்கள்.
செப்டெம்பர்: குஞ்சு கண்டதும் பூச்சிச் சவர்க்காரம். இடைவெளி விட்டுத் திரும்பவும்.
நவம்பர்: இலை விழுந்தபின் எண்ணெய்.
மார்ச் கடைசி, ஏப்ரல்: மொட்டு வீங்க முன்னர் எண்ணெய்.
யூன், யூலை: கொப்பின் அடிப்பக்கம் பார்த்து, மீந்தவற்றைத் தேய்த்தெடுங்கள்.

ஒரு வருடத்தில் முழுவதும் போய்விடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். நன்றாகப் பிடித்த மரத்துக்கு இரண்டு வருடம் தேவைப்படலாம். வருகிற மே மாதம் பூக் குறைவாகத்தான் இருக்கும். ஆனால் வருகிற யூலையில் கார்க் கண்ணாடி பிசுபிசுக்காவிட்டால் நீங்கள் வென்றுகொண்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

அடுத்த இதழில், யன்னலோரம் வைத்திருக்கும் கறிவேப்பிலைச் செடியில் வரும் மண்ணிறச் செதிற்பூச்சியைப் பற்றிப் பார்ப்போம். அது சாப்பிடுகிற இலை; அதற்கு வைத்தியம் வேறு. அதுவரை இலையின் அடிப்பக்கத்தையும் நடு நரம்பையும் ஒருமுறை பார்த்து வையுங்கள். கேள்விகள் இருந்தால் வழக்கம்போல சஞ்சிகையின் முகவரிக்கு எழுதுங்கள். மரத்தின் பெயர் தெரியாவிட்டால் ஓர் இலையையும் கடித உறைக்குள் வைத்து அனுப்புங்கள்.